கம்பங்கூழ் நிறத்தில் ஒரு ரயில் எஞ்சின்

நாகல் நகர், திண்டுக்கல்
துர்முகி வருஷம், ஆவணி மாதம்

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பெயிண்ட் பகுதி மேஸ்திரியாக இருந்துவரும் அன்புள்ள மாப்பிள்ளை முத்துச்சாமிக்கு, உன் அக்காள் சோலையம்மாளின் புருஷனும், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டருமாகிய உன் மச்சான் சடையாண்டி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் அக்காளும் நலம் என்று எழுதுவது வழக்கம். வழக்கத்தை மீற எனக்கு விருப்பமில்லை, ஆகையால் நலம். அங்கு நீயும், உன் சம்சாரம் சுந்தரம்மாளும், பிள்ளைகளும் நலமாயிருக்க அபிராமி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வாளி உள்ளே விழுந்து கிடப்பதால், இருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதோடு சரி. என் முழங்கால் வலி வலது காலை விட்டு இடது காலுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் இல்லாதவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். எனக்கு ஒரு பெயிண்ட் வேண்டும்.

நமக்குள் கடிதப் போக்குவரத்து நின்று வருஷக்கணக்காகிறது. தந்தி வந்த அன்று உன் அக்காள் வாசலில் நின்று உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கப்புறம் நீ இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் அவள் முகம் கொடுத்திருக்க மாட்டாள். என் மகன் உடையப்பனை ரயில்வேயில் சேர்த்துவிட்டது நீதான். அவன் கேட்டான், நீ செய்தாய். அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அக்காளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் யாரையாவது திட்டாமல் அவளால் அன்றைக்கு நிற்க முடியவில்லை, நீ பக்கத்தில் நின்றாய். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ராமுத்தாய்க்காக முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு எழுதுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து, "மனு இம்புட்டு நீளமாவா எழுதுவாங்க?" என்று ஒரு தடவை கேட்டாயிற்று.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் விஷயம் கோர்வையாக வரவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். யுத்தத்தின்போது உடையப்பன் உங்கள் ஷெட்டை விட்டு மிலிட்டரி ரயில்வேயில் ஃபயர்மேனாகச் சேர்ந்து கப்பலேறி ஈராக்குக்குப் போனான். அங்கிருந்து அவன் போட்ட கடிதங்களில் ஊர்ப்பேர், ஆற்றின் பேர், பாலத்தின் பேர் எல்லாவற்றையும் யாரோ ஒரு துரை கறுப்பு மையால் அடித்துத்தான் அனுப்புவான். ஆனால் ஒரு கடிதத்தில் அவன் எழுதியிருந்ததை மட்டும் அந்தத் துரை என்னவென்று புரியாமல் விட்டுவிட்டான். "அம்மாவிடம் சொல்லவும். இங்கே எங்கள் எஞ்சின் நம்மூர் எஞ்சின் மாதிரி கறுப்பு இல்லை. நம் வீட்டுக் கம்பங்கூழ் ஆறினால் மேலே ஏடு படியுமே, அந்த நிறம். பார்க்கும்போதெல்லாம் பசிக்கிறது. யுத்தம் முடிந்ததும் இதையே ஓட்டிக்கொண்டு வந்து திண்டுக்கல் ஸ்டேஷனில் நிறுத்திக் காட்டுகிறேன்." உன் அக்காளுக்கு எழுத்து தெரியாது. ஆகவே இந்த இடத்தை மட்டும் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடலுக்கு அப்பால் இருந்து எஞ்சினை எப்படியடி ஓட்டிக்கொண்டு வருவான் என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம்தான் தந்தி. வெள்ளத்தில் பாலம் போய், எஞ்சினோடு ஆற்றில் விழுந்ததில் டிரைவர் உடல் கிடைத்தது, ஃபயர்மேன் உடையப்பனைக் காணவில்லை என்று. ஒரு வருஷம் கழித்து, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று இன்னொரு காகிதம் வந்தது. கருமாதி செய்யவேண்டும் என்று பங்காளிகள் வந்து உட்கார்ந்தபோது உன் அக்காள், "காணலைன்னுதான சொல்லியிருக்கான். காணாதவன் வரட்டும், வந்தப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து மத்தியானமானால் ஸ்டேஷனுக்குப் போவாள். பிளாட்பாரத்தில் சண்டை, அழுகை, ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. வண்டி வந்து நின்றதும் எஞ்சின் பக்கம் நடந்துபோய் மேலே பார்த்து, "ஏன் அப்பு, கூழ் கலர்ல எஞ்சின் ஏதும் வருதா?" என்று கேட்பாள். வரவில்லை ஆத்தா என்பார்கள். திரும்பி வந்து உலை வைப்பாள். ஒரு தடவை ஒரு நல்ல மனுஷன், கிழவி மனம் நோகவேண்டாம் என்று, "பின்னாடி வர்ற வண்டியில வருது ஆத்தா" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியதாயிற்று. நானும் ஒன்றும் சொல்வதில்லை. கோயிலுக்குப் போகிறவர்களை நாம் கேட்கிறோமா, அதுபோல.

போன பங்குனியில்தான் வினை வந்தது. உங்கள் ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு எஞ்சின், மேல் பெயிண்ட் அடிக்காமல் அடிவர்ணம் மட்டும் பூசிய நிலையில், என்ன அவசரமோ, இந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. வெளுத்த ஒரு மண் நிறம். யார்டின் அந்தக் கடைசி லைனில் அது மெதுவாகப் போவதை உன் அக்காள் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளை, அறுபதைத் தொடப்போகிற பொம்பளை, முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளம் தண்டவாளமாகத் தாண்டி ஓடியிருக்கிறாள். கம்பி தடுக்கி விழுந்த இடத்தில் எதிர்லைனில் கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு போர்ட்டர் பாய்ந்து இழுத்துப் போட்டிருக்காவிட்டால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஸ்டேஷன் மாஸ்டரே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். தங்கமான மனுஷர், கோபப்படவில்லை. "சார், நான் அம்மாவைத் தடுக்கமாட்டேன். ஆனா லைன்ல இறங்கினா என்னால ஒண்ணும் பண்ணமுடியாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நெற்றியில் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருந்த உன் அக்காள் என்னைப் பார்த்து, "கலரு கிட்டத்தட்ட அதே கலருதாங்க. ஆளுதான் வேற" என்றாள்.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த எஞ்சினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டால் இவள் ஸ்டேஷனுக்கு ஏன் போகப்போகிறாள்? பொம்மையாகத்தான், ஆனால் நிறம் அப்படியே இருக்கவேண்டும். மாவட்டத்தில் வர்ணம் கலப்பதற்கு என்னைவிட ஆள் உண்டா? ஆலிலையின் முன்பக்கத்துக்கு ஒரு பச்சை, பின்பக்கத்துக்கு ஒரு பச்சை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினேன்.

நம் தெருக்கோடியில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் கண்ணுசாமியிடம் சொன்னேன். அவர் தகரமும் பித்தளையும் வைத்து ஒரு முழ நீளத்துக்கு எஞ்சின் செய்தார். சக்கரம் உருளுகிறது, புகைபோக்கி இருக்கிறது, டிரைவர் நிற்கிற இடத்தில் கூரை இருக்கிறது, எல்லாம் அற்புதம். ஆனால் எஞ்சினின் முகத்தில், வட்டமான கதவு இருக்குமே, அதில் ஒரு சாவித் துவாரம் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "இருக்கட்டும் மாஸ்டர், ஒரு பந்தோபஸ்து" என்கிறார். பூட்டு இல்லாமல் ஒரு பொருளைச் செய்ய அவருக்குக் கை வராது போலிருக்கிறது. ஆக உலகத்திலேயே சாவி போட்டுத் திறக்கும் ரயில் எஞ்சின் நம் வீட்டில்தான் இருக்கிறது. மறுநாளே சாவியும் தொலைந்தது.

முதல் நிறம் நானே கலந்தேன். மஞ்சள் காவி, வெள்ளை, துளி விளக்குக்கரி, ஆளிவிதை எண்ணெய். வாசலில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. உன் அக்காள் அரிசி களைந்துகொண்டே திரும்பி, "இது இல்ல" என்றாள். நன்றாகப் பார்த்துச் சொல் என்றேன். "பாத்துட்டேன். இது சந்தனம். கல்யாண வீட்டுக்கு வேணா குடுங்க" என்றாள். உப்புத்தாள் போட்டு அத்தனையையும் தேய்த்து எடுத்தேன்.

இரண்டாவது நிறம் முகமது பாரூக் உபயம். அவர் கடையில் பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்கள் இன்னும் கிடக்கின்றன. "மாஸ்டர், இது சுத்த மிலிட்டரி பெயிண்டு. லாரிக்கு அடிச்சது. அடிச்சா ஆயுசுக்கும் அழியாது" என்றார். அழியாது என்று சொன்னவர், காயாது என்பதைச் சொல்லவில்லை. அடித்து ஒரு வாரம் ஆகியும் தொட்டால் ஒட்டியது. எதிர்வீட்டில் மெத்தைக்குப் பஞ்சு அடித்த நேரம். பறந்து வந்த பஞ்சு முழுதும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு, அதற்குத் தாடி முளைத்ததுபோல் ஆயிற்று. கொஞ்சம் எறும்பும் அதில் மாட்டிக்கொண்டு உயிரை விட்டது. உன் அக்காள் வந்து குனிந்து பார்த்து, "இது பச்ச. தவளை மாதிரி இருக்கு. எம்புள்ள தவளையையா ஓட்டினான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுபடியும் உப்புத்தாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவன் எழுதியது கூழ் என்று. கூழை எதிரில் வைத்துக்கொண்டு கலந்தால் என்ன? உன் அக்காளிடம் கம்பங்கூழ் காய்ச்சு என்றேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நீ இந்த வீட்டுக்கு வந்து நாளானதால் உனக்குத் தெரியாது: தந்தி வந்ததிலிருந்து இந்த வீட்டில் கம்பங்கூழ் காய்ச்சியதில்லை. எனக்கே அது அந்த நிமிஷம்தான் உறைத்தது. வேண்டாம், விடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ராமுத்தாய் வீட்டில் கம்பு வாங்கிவரக் கிளம்பிவிட்டாள். ராமுத்தாயின் பிறந்த ஊர் குஜிலியம்பாறைப் பக்கம், அங்கேயிருந்து கம்பு வந்துகொண்டே இருக்கும். இடித்து, புடைத்து, கரைத்து வைத்து, மறுநாள் காலையில் காய்ச்சி ஒரு கும்பாவில் ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் கும்பாவை வெளிச்சத்துக்கு நகர்த்தப் போனேன். "ஆட்டாதீங்க. ஏடு படியட்டும், செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள். இருவரும் அந்தக் கும்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், மாப்பிள்ளை. கூழ் ஆறுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கி ஏடு கட்டியதும், உன் அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்பக் கலக்குங்க" என்றாள்.

கலந்தேன். என் ஆயுளில் அவ்வளவு கவனமாக எதையும் கலந்ததில்லை. எஞ்சினுக்கு அடித்து, கொல்லையில் வெயிலில் வைத்து, ஒத்துப் பார்ப்பதற்காகக் கூழ்க் கும்பாவையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு, பிரஷ் கழுவ டர்பென்டைன் எடுக்க உள்ளே வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், ராமுத்தாயின் வெள்ளாடு கும்பாவைக் காலி பண்ணிவிட்டு எஞ்சினை நக்கிக்கொண்டிருக்கிறது. கூரையும் புகைபோக்கியும் வெறும் தகரம். ஆட்டின் தாடியும் மூக்கும் என் வர்ணம். ராமுத்தாய் ஓடிவந்து, "ஐயையோ, என் ஆட்டுக்கு என்னத்தத் தடவி வச்சிங்க? இது செத்துப்போச்சுன்னா ரயிலையா நான் கறக்குறது?" என்று தெருவைக் கூட்டிவிட்டாள். ஆடு சாகவில்லை. சாயங்காலம்வரை அதற்கு வயிறு சரியில்லை, அவ்வளவுதான். அந்த ரகளைக்கு நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. உன் அக்காள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஆடே கூழுன்னு நெனச்சுருச்சுங்க. கிட்ட வந்துட்டிங்க" என்றாள். பிறகு எஞ்சினில் ஆடு நக்காமல் விட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஆனா இது இல்ல" என்றாள்.

கடைசியாக, நேரில் பார்த்தவரையே கேட்டுவிடலாம் என்று பேகம்பூருக்கு நடந்தேன். அங்கே தோல் வியாபாரம் செய்யும் ரஹ்மத்துல்லா, உடையப்பன் இருந்த அதே மிலிட்டரி ரயில்வேயில் ஷெட் கிளார்க்காக இருந்தவர். முதலில் கறுப்பு என்றார். அப்புறம், "இல்ல மாஸ்டர், சாம்பல். சாம்பல்தான்" என்றார். அப்புறம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "மணல் காத்து அடிச்சா எல்லா வண்டியும் மண்ணு நெறந்தான். ஒங்க மகன் வண்டி ஒண்ணுலதான் பெயிண்டே தெரியும். எந்நேரமும் தொடச்சுக்கிட்டே கெடப்பான். ஏன்டா, நாளைக்கும் மண்ணுதான விழப்போகுதுன்னா, நாளைக்கும் தொடப்பேன்ம்பான்" என்று சொல்லிவிட்டு, தோல்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சாம்பல் நிறம் அடித்தேன். அதுதான் நான் செய்திருக்கக்கூடாத காரியம். உன் அக்காள் பார்த்த மாத்திரத்தில் முகம் வெளிறி, "சாம்பலையா பூசிக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வைக்கிறீங்க?" என்றாள். அவளே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய், மண்ணெண்ணெயில் துணியை முக்கி, ஈரம் காய்வதற்குள் அத்தனையையும் துடைத்து எடுத்தாள். சின்னப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறவள்போல மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் இடுக்குவரை துடைத்தாள். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஆகவே மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துபோயிற்று. உப்புத்தாள் போட்டுப் போட்டு எஞ்சின் இளைத்து, தகரம் சில இடத்தில் வெளிச்சம் விடுகிறது. இன்னும் இரண்டு நிறம்தான் தாங்கும் என்று கண்ணுசாமி சொல்லிவிட்டார். யுத்தகாலத்தில் கப்பலேறிய எஞ்சின்களுக்கு உங்கள் ஒர்க்ஷாப்பில்தான் பெயிண்ட் அடித்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். உண்மையோ பொய்யோ, உனக்குத்தான் தெரியும். அந்தப் பெயிண்ட் ஏதாவது ஒரு டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் கூடப் போதும், சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து அனுப்பு. இல்லையென்றால் அந்த வேலையைப் பார்த்த பழைய ஆள் யாரையாவது பிடித்து, எதோடு எதைக் கலந்தார்கள் என்று கேட்டு எழுது. சரியான நிறம் ஒன்று மட்டும் கிடைத்துவிட்டால் உன் அக்காள் வீட்டோடு இருப்பாள், தண்டவாளத்தில் இறங்கமாட்டாள், நானும் கடைசிக் காலத்தில் நிம்மதியாகத் தூங்குவேன். சரியான நிறம், மாப்பிள்ளை. அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டாம்.

சுந்தரம்மாளுக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். பெரியவன் படம் வரைகிறானா? வரைந்தால் பிரஷ்ஷை ஒரே போக்கில் இழுக்கச் சொல், குறுக்கே இழுக்கவேண்டாம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மழை தண்ணீர் குறையாமல், பெயிண்ட் வாடை மூச்சில் ஏறாமல் நீடூழி வாழ அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
வே. சடையாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டி வைத்தவன் தபாலில் சேர்க்காமல் மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் செய்யாதே. பெயிண்ட் எதையும் சுரண்டாதே. பழைய ஆளைத் தேடாதே.

நான் கவரை ஒட்டிய அன்றே ரஹ்மத்துல்லாவின் சம்சாரம் ஜெய்தூன் பீவி ஒரு ஜட்காவில் தகரப்பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "மாஸ்டரண்ணே, இவுகளுக்கு ஞாபகம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. பட்டாளத்துலருந்து கொண்டாந்த பொட்டி. கட்டிலுக்குக் கீழயே கெடக்கு. தெனம் காலை இடிச்சுக்கிட்டு ஐயோம்பாக. வண்டிக்கு அடிச்ச மிச்சப் பெயிண்டத்தான் பசங்க ஆளாளுக்குப் பொட்டியில அடிச்சுக்கிட்டாங்களாம். நான் கேட்டப்புறந்தான் ஞாபகம் வருது. இவுக பொட்டிக்கு அடிச்சுக் குடுத்தது ஒங்க மகன்தானாம்" என்றார். பெட்டியின் வெளிப்பக்கம் துருவேறி நிறம் செத்துப்போயிருந்தது. மூடியைத் திறந்தேன். உள்பக்கம் வெயில் படாமல், காற்றுப் படாமல், நேற்று அடித்ததுபோல் இருந்தது. கூழும் இல்லை, மண்ணும் இல்லை; ஆனால் கூழ் என்றுதான் சொல்லமுடியும், வேறெப்படியும் சொல்லமுடியாது. மூடி முழுவதும் பிரஷ்ஷைக் குறுக்கே இழுத்திருந்தான். சின்ன வயதில் அதற்காக அவன் காதை எத்தனை தடவை திருகியிருப்பேன். ஓரிடத்தில் பிரஷ் முடி ஒன்று பெயிண்டில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

அந்த மூடியை எதிரில் வைத்துக் கலந்தேன். ஒத்துப்போயிற்று. ஒரு இம்மி பிசகில்லை. எஞ்சினுக்கு அடித்து, காய்ந்ததும் கூடத்தில் வைத்துவிட்டுத் தூணோரம் நின்றேன். உன் அக்காள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அதன் கூரையைத் தொட்டாள். "இதுதாங்க" என்றாள்.

நான் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணுசாமியிடம் சொல்வதற்கு ஓடினேன். அன்று மத்தியானம் உன் அக்காள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் சோறும் இறங்கவில்லை. எஞ்சினுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். நேற்றுக் காலையில் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இத மாத்திருங்க" என்றாள்.

"எதை மாத்தணும்?"

"கலர மாத்திருங்க."

"ஏன்டி, சரியா இருக்குன்னு நீதான சொன்ன?"

"சரியா இருக்கப்போயிதான் சொல்றேன். அந்த வண்டிய இங்க கொண்டாந்து நிப்பாட்டிட்டா, அவன் அங்க எதுல ஏறி வருவான்?"

பள்ளிக்கூடத்தில் யார் என்ன கேட்டாலும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பேன். காப்பி ஆறும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், பச்சை அடிக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பச்ச வேணாம், தூரத்துல பாத்தா மயக்கம் குடுக்கும். நல்ல செவப்பா அடிங்க. எவன் பாத்தாலும் இது இல்லன்னு சொல்லணும்" என்றாள். அப்புறம் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "தம்பிக்கு எழுதுங்க, ரயில்வே செவப்பு அவன்கிட்ட இருக்கும். ராமுத்தாய்க்கு மனு எழுதுறேன்னு அவனுக்குத்தான எழுதிக்கிட்டு இருந்திங்க? அவனையே கையில கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே ஒரு டப்பா சிவப்பு எடுத்துக்கொண்டு நீயே வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

இன்று மத்தியானம் உன் அக்காள் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடப் போனேன். தண்டவாளம் இருக்கிற பக்கம் நான் நின்றுகொண்டேன். திருச்சியிலிருந்து வந்த வண்டியின் எஞ்சின் கறுப்புதான். அவள் கேட்டாள், இல்லை என்றார்கள், திரும்பினோம். இனி தினமும் போவதாகத்தான் இருக்கிறேன்.

சிவப்பு வரும்வரை எஞ்சினை ஒரு வேட்டியால் மூடிக் கூடத்து மூலையில் வைத்திருக்கிறேன். உன் அக்காள் அடுப்படிக்குப் போகவர, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வேட்டியின் நுனியை லேசாகத் தூக்கிப் பார்க்கிறாள். நான் பேப்பர் படிக்கிறேன்.